பழைய கார் மூன்று நான்கு வருடம் ஓடாமல் நிற்கப்போகிறது: வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதுமா?

கேள்வி, 2018 மார்ச் 11

என்னிடம் 19 வயது கார் ஒன்று இருக்கிறது. வேலை காரணமாக மூன்று வருடமாவது வெளியே இருக்க வேண்டும், நான்காகவும் ஆகலாம். விற்க மனமில்லை. கூரையுள்ள இடம் இருக்கிறது. உறவினர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதாகச் சொல்கிறார். அது போதும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

2018 மார்ச் 11, இரவு

போதாது. அந்தப் பத்து நிமிடம்தான் காரைக் கெடுக்கும். யாரும் தொடாமல் விட்டால்கூட இதைவிட நன்றாக இருக்கும்.

பட்டுத் தெரிந்துகொண்டது இது. அப்பா போன பிறகு அவருடைய கார் ஆறு வருடம் ஷெட்டில் நின்றது. முதல் இரண்டு வருடம் பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிறுதோறும் வந்து ஸ்டார்ட் செய்வான், கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போவான். நல்ல மனதோடுதான் செய்தான். கடைசியில் நான் வந்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது அதன் அடியில் வெளிர் மஞ்சளாக ஒரு களிம்பு அப்பியிருந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்து கடைந்தால் வருவது. கீழே குனிந்து சைலன்சரை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்துதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வண்டி நன்றாக ஓடிச் சூடேறினால் அது சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் சைலன்சரின் கடைசிப் பகுதி சூடாவதே இல்லை, ஆவி அங்கேயே தண்ணீராகித் தங்கும். ஒரு பங்கு பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் சேரும். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைப்பீர்கள். அது கூலண்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூடு. ஆயில் சூடாக அதைவிட வெகு நேரம் பிடிக்கும்.

ஓட்ட ஆள் இருந்தால் மாதம் ஒருமுறை, அரை மணிக்குக் குறையாமல், சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். அது முடியாதென்றால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு காரை முழுதாகத் தூங்க வைத்துவிடுங்கள்.

2018 மார்ச் 12

பேட்டரியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கழற்றி வீட்டுக்குள் வையுங்கள்.

காரை அணைத்துப் பூட்டிய பிறகும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்றால் சாதாரணமாகத் தோன்றும். ஒரு நாளுக்கு 0.72 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டே மாதத்தில் காலி, பாதியாவதற்கு ஒரு மாதம் போதும். காலியான நிலையில் நின்றால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது பழைய பேட்டரி ஆகாது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஆபத்து. கழற்றி வைத்தாலும் தானாகவே இறங்கும், வெயில் காலத்தில் வேகமாக. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போட ஆள் வேண்டும். இல்லையென்றால் நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி நிற்கும் வகை சார்ஜரில் மாட்டி விடுங்கள். எப்போதும் ஒரே அளவில் ஏற்றிக்கொண்டே இருக்கும் பழைய சார்ஜரை மாட்டிவிட்டுப் போகாதீர்கள், தண்ணீரைக் கொதிக்கவிட்டு வற்றடித்துவிடும்.

மூன்று நான்கு வருடம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இப்போதே பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்தால் அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். யாருக்காவது கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் புதிதாக வாங்குங்கள்.

2018 மார்ச் 12, கொஞ்ச நேரம் கழித்து

கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸை முதலில் அவிழ்த்து ஸ்பேனர் பாடியில் இடித்தால் பொறி பறக்கும்.

சிமெண்ட் தரையில் பேட்டரியை வைக்கக் கூடாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கெட்டி ரப்பர் பெட்டியில் பேட்டரி வந்த காலத்துச் சங்கதி. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டே இல்லை. எங்கே வைத்தாலும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

2018 மார்ச் 15

டயர். ஒரே இடத்தில் நின்றால் தரையில் பதிந்த பகுதி தட்டையாகிவிடும். சில வாரம் நின்றதென்றால் ஓடிச் சூடேறியதும் சரியாகிவிடும். வருடக்கணக்கில் நின்றால் சரியாகாது, ஸ்டீயரிங் கையில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் நான்கு ஸ்டாண்டு வாங்கி பாடிக்கு அடியில் கொடுத்து, சக்கரம் நான்கும் தரையைத் தொடாதபடி தூக்கிவிடுங்கள். வெறும் ஜாக்கியில் நிறுத்தாதீர்கள், அது தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள்.

2018 மார்ச் 18

பெட்ரோலுக்கு வருகிறேன். நீளமாக எழுத வேண்டியது இதுதான், எனக்கு அதிகம் வேலை வைத்ததும் இதுதான்.

பெட்ரோல் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பிசினாக மாறும். லேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சுவது சரியாகப் பற்றாது. அப்பா காரின் டேங்க் மூடியைத் திறந்தபோது பெட்ரோல் வாசமே இல்லை, பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. கார்புரேட்டரை, அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகத்தைக் கழற்றி அடிக் கிண்ணத்தைப் பிரித்தேன். உள்ளே பெட்ரோல் இல்லை. பெட்ரோல் நின்ற மட்டம் வரை பழுப்பாக ஒரு தோல் படிந்திருந்தது. நகத்தால் கீறினால் செதில் செதிலாக வந்தது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஓட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஒரு புள்ளி வெளிச்சம்கூடத் தெரியவில்லை. தலைமுடி போன்ற ஓட்டை அது. கம்பி விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகி அளவு கெட்டுவிடும் என்பதால் இரண்டு நாள் கிளீனரில் ஊற வைத்துக் காற்றடித்தேன். மூன்றாம் நாள் அந்தப் புள்ளி தெரிந்தது.

எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பழைய காரின் ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் அரித்து வெடிப்பு விழ வைக்கும்.

பொதுவாகச் சொல்லும் வழி: டேங்கை முட்ட நிரப்பு, பெட்ரோல் கெடாமலிருக்க விற்கும் ஸ்டெபிலைசரைக் கலந்து பதினைந்து நிமிடம் ஓட்டு, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரட்டும், அப்புறம் நிறுத்து. டேங்கில் காலி இடம் இல்லையென்றால் உள்ளே ஈரக்காற்று வந்து வியர்க்க வழியில்லை, இரும்பு டேங்க் துருப்பிடிக்காது. ஒரு வருடம் வரை நிற்கப்போகும் காருக்கு நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஸ்டெபிலைசர் ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான் தாங்கும். நான்கு வருடம் கழித்து வந்தால் ஒரு டேங்க் நிறையக் கெட்ட பெட்ரோல் காத்திருக்கும். அதை மண்ணிலும் சாக்கடையிலும் ஊற்ற முடியாது.

அதனால் உங்கள் காருக்கு: கார்புரேட்டர் என்றால் டேங்கை வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள். திறந்தவெளியில், பேட்டரி கழற்றிய பிறகு, பக்கத்தில் எந்த நெருப்பும் பல்பும் இல்லாமல்.

2018 மார்ச் 18, திரும்பவும்

இன்ஜெக்‌ஷன் கார், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் வகை என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். அப்படியானால் டேங்கை வடித்துக் காய விடச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். டேங்குக்குள்ளேயே மின்பம்ப் இருக்கும், அது பெட்ரோலில் மூழ்கியே இருக்கப் பழகியது. அதன் ரப்பரும் சீலும் வருடக்கணக்கில் உலர்ந்து கிடப்பதை நான் விரும்ப மாட்டேன். டேங்க் பிளாஸ்டிக் என்றால் துருப் பயமும் இல்லை. நானாக இருந்தால் ஸ்டெபிலைசரோடு நிரப்பி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை அதை வெளியே எடுத்து ஓடுகிற வேறு காரில் ஊற்றிவிட்டு இதில் புதிதாக நிரப்பச் சொல்வேன். ஒரு வயதுப் பெட்ரோலை ஓடும் காரில் பாதிக்குப் பாதி கலந்து எரித்துவிடலாம்.

2018 மார்ச் 25

மார்ச் 15 அன்று ஸ்டாண்டை பாடிக்கு அடியில் கொடுக்கச் சொன்னேன். தவறு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எழுதிய பிறகு அப்பா காரின் பின்பக்கத்தைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். அங்கேயே பதில் இருந்தது.

பாடியில் தூக்கினால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஸ்பிரிங் முழுதாக நீண்டிருக்கும், சஸ்பென்ஷன் கைகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் முறுக்கிய நிலையிலேயே வருடக்கணக்கில் இருக்கும். அதைவிட மோசம் ஷாக் அப்சார்பர். அதன் பளபளப்பான தண்டு சாதாரணமாக உள்ளே இருக்கும். தொங்கும்போது வெளியே வந்து நிற்கும், துருப் புள்ளி வைக்கும். பிறகு ஓட்டும்போது அந்தப் புள்ளிகள் சீலை அறுக்கும். அப்படித் தொங்கி நின்ற அப்பா காரில் பின் ஷாக் இரண்டும் ஓட்டத் தொடங்கிய இரண்டே மாதத்தில் ஆயில் கசிந்தது இதனால்தான் என்று இப்போது புரிகிறது. தண்டில் ஒரே உயரத்தில் வளையம் போலப் புள்ளிகள்.

ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியிலோ கீழ் சஸ்பென்ஷன் கைக்கு அடியிலோ, சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே கொடுங்கள். காரின் எடை ஸ்பிரிங் மேல் இருக்கட்டும், டயர் மட்டும் தரையைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் இருந்தால் போதும்.

அதற்கு வசதியில்லையா, தூக்கவே வேண்டாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவு வரை காற்றடித்து வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை சக்கரம் கால் சுற்று உருளும்படி காரைத் தள்ளி நிறுத்த உறவினரிடம் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதற்குப் பதிலாக அவர் செய்யக்கூடிய நல்ல வேலை அது.

2018 ஏப்ரல் 8

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் போட்டு அதே கட்டை.

பிரேக் ஆயிலைக் காரை நிறுத்துவதற்கு முன் மாற்றுங்கள். வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். பழைய ஆயிலில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, அதை உள்ளே வைத்து நான்கு வருடம் பூட்டினால் சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனும் வீல் சிலிண்டரும் உள்ளேயே துருப்பிடிக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வரும்போது 155 பெரிய சூடே இல்லை. வந்த பிறகும் ஒருமுறை மாற்ற வேண்டும். ஆமாம், இரண்டு முறை.

இன்ஜின் ஆயிலும் இதே கதை. எரிந்த கழிவின் அமிலம் பழைய ஆயிலில் மிதந்துகொண்டிருக்கும், பேரிங் மேல் வருடக்கணக்கில் அது படிந்திருக்கக் கூடாது. மாற்றி, வண்டியை ஓட்டிச் சூடாக்கி, புது ஆயில் எல்லா இடத்திலும் பரவிய பிறகு அணையுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் வடித்துவிட்டுக் கூலண்ட் கலந்து நிரப்புங்கள். துருவைத் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது.

கிளட்ச் தட்டும் இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலில் ஒட்டிக்கொள்ளும். அப்பா காரில் ஒட்டியிருந்தது. பெடலை மிதித்தாலும் கியர் விழாது. திறந்த மைதானத்தில், பிரேக் நன்றாக வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடி கியரிலேயே செல்ஃப் அடித்து ஓட்டி, ஆக்ஸிலேட்டரை அழுத்தி அழுத்தி விட்டேன். நான்காவது முறை "டப்" என்று ஒரு சத்தம், விட்டுவிட்டது.

2018 ஏப்ரல் 9

கிளட்ச் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் குச்சி கொடுத்து அழுத்தியே வைக்கலாமா என்ற கேள்விக்கு: கேபிள் கிளட்ச் என்றால் நான் வைப்பேன். ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால் வைக்க மாட்டேன், சீல் முழு நேரமும் அழுத்தத்தில் இருக்கும். அதற்குப் பதிலாக, தள்ளி நிறுத்த வரும்போதெல்லாம் பெடலைப் பத்துத் தடவை மிதித்து விட்டால் போதும். பிரேக் பெடலையும்.

2018 ஜூன் 2

எலி. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், எந்த பிளக், எந்த டயர் எல்லாம் சின்ன நோட்டில் எழுதி டேஷ்போர்டு அறையில் வைத்திருப்பார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒரு கூடு. சீட் பஞ்சு, பாய் நூல், நடுவில் நீல மையில் எழுதிய காகிதத் துணுக்குகள். ஒரு துணுக்கில் "பிரேக் ஆ" என்று இருந்தது. நோட்டில் பாதி மிச்சமிருந்தது, அதை இப்போது வீட்டில் வைத்திருக்கிறேன். காருக்குள் ஒரு துண்டுக் காகிதம், துணி, தின்பண்டத்தின் துகள் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஏர் ஃபில்டரின் வாய், சைலன்சர் குழாய், ஏசிக்குக் காற்று போகும் வழி, மூன்றையும் நெருக்கமான உலோக வலையால் அடையுங்கள். துணி திணித்தால் அதையே கூட்டுக்கு எடுத்துக்கொள்ளும். விஷம் வைக்க வேண்டாம், தின்ற எலி டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் அந்த நாற்றத்தை எடுக்க முழு டேஷ்போர்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். நாப்தலின் உருண்டையும் வேண்டாம். காரை விற்கும்வரை அந்த நெடி போகாது, உடம்புக்கும் கேடு. பானெட்டைத் திறந்தே வைத்திருப்பது எனக்குப் பலன் தந்தது, இருட்டும் கதகதப்பும் இல்லையென்றால் கூடு கட்ட வருவதில்லை.

எதை எதை அடைத்தீர்கள் என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். நான்கு வருடம் கழித்து நினைவிருக்காது.

2018 ஆகஸ்ட் 19

இப்போது என் முறை. நானும் மூன்று வருடம் வெளியே இருக்க வேண்டியதாகிவிட்டது. அப்பாவின் காரை நேற்றுத் தூங்க வைத்தேன். இங்கே எழுதியதையெல்லாம் நானே செய்து பார்த்தேன், எழுதாமல் விட்டவை சில இருக்கின்றன.

முதலில் தரை. ஷெட்டின் சிமெண்ட் தரை காய்ந்துதான் தெரிந்தது. அரை மீட்டர் சதுரத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரம் முழுக்க டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் தூக்கினால் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்வை. தரை கீழிருந்து மூச்சு விடுகிறது, அந்த ஈரம் நேராகக் காரின் அடிவயிற்றில் போய் முட்டும். கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பைக் காரைவிட அகலமாக விரித்து அதன்மேல் காரை ஏற்றினேன். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். சின்ன ஈரமானி ஒன்று ஆணியில் தொங்குகிறது, தம்பி மாதாமாதம் படம் எடுத்து அனுப்புவான்.

கழுவியது மேலே மட்டுமில்லை, சக்கர வளைவுகளுக்கு உள்ளே அப்பியிருந்த மண்ணையும் நாற்பது நிமிடம் உட்கார்ந்து சுரண்டினேன். மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். கழுவிய பிறகு அரை மணி ஓட்டிக் காய வைத்தேன். பிரேக் டிஸ்க் ஈரத்தோடு நின்றால் பிரேக் பேட் அதோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சின்னக் கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, இன்ஜின் தண்டின் நுனியில் இருக்கும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன். சிலிண்டர் சுவரில் ஆயில் படியட்டும் என்று. பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் கட்டிய தாளில் பெரிதாக எழுதினேன்: பிளக்கைக் கழற்றாமல் செல்ஃப் அடிக்காதே. ஆயில் காற்று மாதிரி நசுங்காது. பிஸ்டன் மேலே ஆயில் தேங்கியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும்.

மேலே போர்த்தியது பருத்தித் துணி. தார்ப்பாய் போட்டால் உள்ளே ஈரம் சிக்கிப் பெயிண்ட் கொப்பளிக்கும். அந்த ஆறு வருடத்தில் கூரையில் இருந்த கொப்புளங்களை எண்ணியவன் நான்.

2019 பிப்ரவரி 3

முக்கியம். ஈரத்தை உறிஞ்ச அலமாரியில் வைக்கும் டப்பா இரண்டைக் கார் தரையில் வைத்திருந்தேன். உள்ளே கால்சியம் குளோரைடு. தம்பி அனுப்பிய படத்தில் ஒரு டப்பா கவிழ்ந்து கிடக்கிறது. அது உறிஞ்சிய ஈரம் டப்பாவுக்குள் உப்புத் தண்ணீராகத்தான் சேரும். அந்த உப்புத் தண்ணீர் பாய்க்கு அடியில் ஊறிவிட்டது. அன்றே பாயைத் தூக்கி, நல்ல தண்ணீரால் மூன்று முறை துடைத்து, ஃபேன் வைத்துக் காய வைக்கச் சொன்னேன். இரும்புத் தரைமேல் இனி அந்த வகை டப்பா கூடவே கூடாது. சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறினால் சூட்டில் காய வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம், எதுவும் ஒழுகாது.

2020 ஜனவரி 26

"இவ்வளவு பாடு எதற்கு, விற்றுவிட்டுப் போகலாமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. பணக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலான பழைய கார்களுக்கு விற்பதே சரி. ஓடும் நிலையில் விற்றால் வாங்குபவருக்கும் நல்லது. காரைக் கவனிக்க ஆளே இல்லையென்றால், வைத்திருக்கவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆளில்லாமல் நான்கு வருடம் நின்ற கார் காயலான் கடைக்குத்தான் போகும்.

நான் ஏன் வைத்திருக்கிறேன்? அந்தக் காரின் கியர் குமிழில் அப்பாவின் உள்ளங்கை தேய்த்த இடம் வழுவழுப்பாக இருக்கிறது. என் கையும் சரியாக அங்கேயே போய் உட்காரும். இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

2021 அக்டோபர் 10

திரும்பி வந்துவிட்டேன். மூன்று வருடமும் ஏழு வாரமும்.

துணியை எடுத்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் கை பரபரத்தது. அதைச் செய்யவில்லை. முதல் நாள் முழுக்கப் பார்வை மட்டும். ஸ்டீயரிங் தாளைப் பிரித்து வலைகள் ஒவ்வொன்றாக எடுத்தேன். சைலன்சர் வாயில் அடைத்திருப்பது எனக்குச் சுத்தமாக மறந்திருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டி காலி, கூடு இல்லை. பெட்ரோல் ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். கார்புரேட்டருக்குப் போகும் குட்டி ஹோஸில் வளைத்த இடத்தில் மயிரிழை வெடிப்பு. நேராக இருக்கும்போது கண்ணில் படாது. அங்கிருந்து சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீதான். எல்லா ஹோஸையும் மாற்றினேன்.

இரண்டாம் நாள் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்தேன். போன தடவை, அந்த ஆறு வருடத்துக்குப் பிறகு, இதே போல்ட் அசையவே இல்லை. துருவை இளக்கும் ஆயிலை ஓட்டைகளில் விட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். தினம் காலையில் போய் ஸ்பேனரை மெல்ல அழுத்திப் பார்ப்பேன், ஒன்பதாம் நாள் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. இந்தத் தடவை ஒரு கையால் தள்ளினேன். கனமாக, ஒரே சீராகச் சுற்றியது. பிளக் ஓட்டைகளிலிருந்து பெருமூச்சு மாதிரி காற்று வந்தது, கூடவே கொஞ்சம் ஆயில். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் மாற்றம், டேங்கில் ஐந்து லிட்டர் புதுப் பெட்ரோல். பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்தேன், டேஷ்போர்டில் ஆயில் அழுத்தம் காட்டும் விளக்கு அணையும் வரை, விட்டு விட்டு. பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிளக் மாட்டியது. மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது. சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து பத்து நிமிடம் வெள்ளைப் புகை. பயப்பட வேண்டாம், அடங்கிவிடும்.

கிளட்ச் ஒட்டவில்லை. என்னுடையது கேபிள், குச்சி வேலை செய்திருக்கிறது.

2021 அக்டோபர் 17

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, 20 கிலோமீட்டர் வேகத்தில். நிறுத்திவிட்டு நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையை வைத்துப் பார்த்தேன். இடது பின் சக்கரம் மட்டும் சுட்டது. டிரம்மைப் பிரித்ததில் வீல் சிலிண்டரின் ஒரு பக்கப் பிஸ்டன் பாதியில் சிக்கியிருந்தது. இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். பிரேக் ஆயில் மாற்றி வைத்தும் இப்படியா என்றால், ஆமாம். தம்பியிடம் பெடலை மாதம் ஒருமுறை மிதிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். ஏப்ரல் 9 அன்று உங்களுக்கு எழுதினேன், அவனிடம் சொல்லவில்லை.

2021 நவம்பர் 6

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. உறவினர் சொன்னபடி மாதம் ஒருமுறை தள்ளி நிறுத்தியிருக்கிறார், வருடத்துக்கு ஒருமுறை பெட்ரோல் மாற்றியிருக்கிறார், ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யவில்லை. அவரைப் பார்த்தால் என் நன்றியைச் சொல்லுங்கள்.

உங்கள் படத்தில் டயர் குறியீடு தெரிகிறது: 2310. 2010-ம் வருடம் 23-வது வாரம். பதினொரு வயது தாண்டிவிட்டது. பட்டனின், அதாவது தரையைப் பிடிக்கும் வரிகளின் ஆழம் புதுசு போல இருக்கிறது என்கிறீர்கள், பக்கவாட்டில் வெடிப்பு கொஞ்சம்தான் என்கிறீர்கள். ஆழம் இங்கே கணக்கில்லை, ரப்பர் உள்ளே இறுகிப்போயிருக்கும். பத்து வயது தாண்டிய டயரை எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும். ஸ்டெப்னியையும் பாருங்கள், அது காரோடு வந்ததாக இருந்தால் இன்னும் கிழடு.

வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் கிலோமீட்டர் மட்டுமில்லை, வயதும் கணக்கு. ஸ்டார்ட் செய்யும் முன் மாற்றிவிடுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும்.

மெக்கானிக்கிடம் போவதற்கு மட்டும் அந்த டயரில் ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். சக்கரங்களைக் கழற்றி வேறு வண்டியில் கொண்டுபோய் டயர் மாற்றி வந்து மாட்டுங்கள். அதுவரை கார் ஸ்டாண்டில் நிற்கட்டும், ஆக்ஸிலுக்கு அடியில் கொடுத்து.